செம்பில் பணம் போடும் முன் கழிவுக்குளத்தைப் பாருங்கள்

செம்பு விலை ஏறியதிலிருந்து வாரத்துக்கு ஒருவராவது என்னிடம் கேட்கிறார்: "ஆப்பிரிக்கச் சுரங்கப் பங்குகளை வாங்கலாமா? நீங்கள் அங்கே இருந்தவர்தானே?" ஜாம்பியாவின் கிட்வே நகரில் ஒரு லாரி நிறுவனத்தில் ஆறு ஆண்டுகள் கணக்கு எழுதியவன் நான். வாங்கலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் தாதுவை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்.

தாதுவில் குறையே இல்லை. சிலியின் பழைய சுரங்கங்கள் பலவற்றில் நூறு கிலோ பாறையை உடைத்தால் ஒரு கிலோ செம்புகூடத் தேறாது. காங்கோவின் ககுலா சுரங்கத்தில் நல்ல பகுதிகளில் ஐந்து கிலோ வரை கிடைக்கும். உற்பத்தியில் காங்கோ பெருவை முந்தி, சிலிக்கு அடுத்த இடத்துக்கு வந்துவிட்டது. மின்சாரக் கார்களும் மின்கம்பிகளும் பெருகும் காலத்தில் இது சாதாரணச் சொத்து அல்ல.

தொல்லையெல்லாம் தோண்டி எடுத்த பிறகுதான். காங்கோ எல்லையில் கசும்பலேசா சாவடியில் லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் நிற்கும். இரும்புப் பட்டை போட்டுக் கட்டிய செம்புத் தகடுகள் மேலே இருக்க, ஓட்டுநர் கீழே கரியடுப்பு மூட்டி மக்காச்சோள மாவில் ஷீமா கிண்டிக்கொண்டிருப்பார். நான்காம் நாளும் அதே லாரி அங்கேயே நிற்கும். அந்தக் காத்திருப்புக் கூலியைப் பேரேட்டில் ஏற்றிய கை இது. அங்கோலாவின் லோபிட்டோ துறைமுகத்துக்குப் போகும் ரயில் பாதையில் அமெரிக்காவும் ஐரோப்பாவும் பணம் போடுவதன் அருமை அங்கே நின்றவர்களுக்குத் தெரியும்.

மின்சாரமும் அப்படித்தான். ஜாம்பியாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி நீர்மின்சாரம். 2024 வறட்சியில் கரிபா நீர்த்தேக்கம் வற்றியபோது சுரங்கங்கள் வெளிநாட்டு மின்சாரத்தை விலை கொடுத்து வாங்கின. அரசைப் பற்றியும் யோசிக்க வேண்டும். கொங்கோலா சுரங்க நிறுவனத்தை 2019இல் வேதாந்தாவிடமிருந்து ஜாம்பியா அரசு பறித்தது. ஆட்சி மாறிய பின் திருப்பிக் கொடுத்தது. இடையில் போனவை ஐந்து ஆண்டுகள்.

ஆனால் எனக்கு மிகவும் கவலை தருவது கழிவுக்குளம். தாதுவிலிருந்து செம்பைப் பிரித்த பிறகு மிஞ்சும் சேற்றையும் அமிலத்தையும் மண் அணை கட்டித் தேக்குகிறார்கள். 2025 பிப்ரவரியில் ஜாம்பியாவின் சம்பீஷி அருகே ஒரு சீன நிறுவனத்தின் அணை உடைந்தது. அமிலக் கழிவு ஓடை வழியாகக் கஃபூவே ஆற்றில் கலந்து மீன்கள் செத்து மிதந்தன. கிட்வே நகரின் குடிநீரையே நிறுத்தினார்கள். நான் ஆறு ஆண்டுகள் குடித்த தண்ணீர் அது. செய்தி வந்த இரவு எனக்குத் தூக்கமே இல்லை.

இதைச் சுற்றுச்சூழல் ஆர்வலர்களின் கவலை என்று முதலீட்டாளர்கள் ஒதுக்குவதுதான் எனக்குப் புரியவில்லை. கொங்கோலா நிறுவனத்தின் நச்சங்கா சுரங்கத்தை ஒட்டிய ஊர்களின் 1,800க்கும் மேற்பட்ட மக்கள், கழிவு தங்கள் தண்ணீரைக் கெடுத்தது என்று லண்டனில் வேதாந்தா மீது வழக்குத் தொடுத்தார்கள். அங்கேயே வழக்காடலாம் என்று 2019இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021இல் சமரசம் ஆனது. ஆற்றில் விட்ட கழிவின் கணக்கு பங்குதாரர் வீட்டு வாசல் வரை வந்துவிட்டது. அணைக் கரையில் மிச்சம் பிடித்த பணத்தை ஆதாயமாகக் காட்டும் நிறுவனம் நம் பணத்தைத்தான் பணயம் வைக்கிறது.

பிரேசிலின் புருமாடின்யோ அணை 2019இல் உடைந்து 270 பேர் இறந்த பிறகு, கழிவு அணைகளுக்கென 2020இல் உலகத் தரநிலை ஒன்று வந்தது. அதன்படி எந்த அணை எந்த நிலையில் இருக்கிறது என்று இரண்டு நிறுவனங்களுக்கு எழுதிக் கேட்டேன். ஒன்று அணைவாரியாக அட்டவணை அனுப்பியது. அதில் கொஞ்சம் பங்கு வாங்கியிருக்கிறேன். மற்றது பளபளப்பான ஆண்டறிக்கையை அனுப்பியது. அதில் தாதுவின் படம் பன்னிரண்டு பக்கங்களில் இருந்தது. அணையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.