நுவரெலியா எங்கேயும் ஓடிப்போகாது, ஒருமுறை மன்னாருக்குப் போய் வாருங்கள்

போயாவோடு சேர்ந்து மூன்று நாள் லீவு வந்தால் போதும், வெள்ளவத்தையில் பாதிச் சனம் நுவரெலியாவுக்கு வான் பிடிக்கும், மீதி எல்லவுக்கு. நாங்களும் அப்படித்தான் போனோம். றம்பொடை வளைவுகளில் இரண்டு மணித்தியாலம் வாகன வரிசை. ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தால், கிரெகரி வாவிக் கரையில் எங்கள் ஒழுங்கைக்காரர்களே நிற்கிறார்கள். "என்ன, நீங்களுமா?" என்று கேட்கவா மலை ஏறினோம்?

அந்தக் கடுப்பில்தான் ஜனவரியில் மன்னாருக்கு ரயில் ஏறினோம்.

மன்னார் நமக்குத் தெரியாத ஊர் இல்லை. மடுத் திருவிழாவுக்குப் போகிறோம். சிவராத்திரிக்குத் திருக்கேதீச்சரம் போய், பாலாவியில் தீர்த்தம் எடுத்து, கும்பிட்ட கையோடு பஸ் ஏறிவிடுகிறோம். இரண்டும் பெருநிலத்தில் இருப்பவை. கடலுக்கு மேலால் போகும் தாம்போதியைத் தாண்டி மன்னார்த் தீவுக்குள் கால் வைப்பவர்கள் எத்தனை பேர்? என் ஆதங்கமே அதுதான்.

தாம்போதிக்கு முன்பே தொடங்குகிறது வங்காலைப் பறவைகள் சரணாலயம். 2010இல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட இடம். பூநாரைகள் நிற்பதைத் தூரத்தில் பார்த்து, யாரோ துணி காயப்போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். துணி பறந்தது! அப்புறம் பள்ளிமுனைப் பெருக்கமரம். ஆபிரிக்க மரம், அராபிய வணிகர்கள் கொண்டுவந்தது என்பார்கள். எங்கள் வீட்டு ஆறு பேரும் கை கோத்துப் பார்த்தோம், பாதிகூட எட்டவில்லை. டவுனில் கழுதைகள் நடு றோட்டில் நிற்கின்றன. ஹோர்ன் அடித்துப் பயனில்லை, அவை ஊர்க்காரர்கள்.

ஆனால் நான் போனது தலைமன்னார் இறங்குதுறைக்காக. அப்பப்பா காலத்தில் கோட்டை ஸ்டேஷனில் டிக்கெட் எடுத்தால் சென்னை வரை போகலாம். தலைமன்னார் வரை ரயில், தனுஷ்கோடிக்குக் கப்பல், அங்கிருந்து மறுபடி ரயில். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிறகு இராமேஸ்வரத்துக்கு ஓடிய கப்பலும் யுத்தத்தோடு நின்றது. யுத்தத்தில் அழிந்த தண்டவாளத்தைத் திரும்பப் போட்டு, தலைமன்னார் வரை ரயில் விட 2015 ஆனது. துருப்பிடித்த பழைய இறங்குதுறையும் பக்கத்தில் வெளிச்சவீடும் அப்படியே நிற்கின்றன. அப்பப்பா பெட்டியோடு வரிசையில் நின்ற இடம் இதுவாகத்தான் இருக்கும் என்று நானே ஓர் இடத்தை முடிவுசெய்து, அங்கே கொஞ்ச நேரம் நின்றேன். மனைவி படம் எடுக்கச் சொன்னாள், எடுக்கவில்லை.

அரிப்பு என்ற ஊரை விட்டுவிடாதீர்கள், அது பெருநிலப் பக்கம். முத்துக்குளிப்பை மேற்பார்வையிட, முதல் பிரித்தானிய ஆளுநர் பிரெடரிக் நோர்த் கடலோரம் கட்டிய மாளிகை அங்கே இருக்கிறது. இருக்கிறது என்றா சொன்னேன்? செங்கல் தூண்கள் சில நிற்கின்றன. கடல் கரையை அரித்து அரித்து மிச்சத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது. பத்து வருஷம் கழித்துப் போகலாம் என்று தள்ளிப்போடக்கூடிய இடம் இல்லை.

குறையும் சொல்ல வேண்டும். பகல் வெயில் ஜனவரியிலேயே மண்டையைப் பிளந்தது. தங்குமிடங்கள் குறைவு, முன்கூட்டியே பதியுங்கள். ரயில் நேரத்தைக் கோட்டை ஸ்டேஷனில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். பூநாரை பார்க்க மார்ச்சுக்குள் போக வேண்டும். கருவாடு வாங்கினால் மூன்று பையாவது போட்டு இறுக்கிக் கட்டுங்கள். நாங்கள் ஒன்றுதான் போட்டோம். அநுராதபுரம் தாண்டுமுன் எங்களைச் சுற்றி இரண்டு வரிசை காலி.