தைரியம் இல்லைன்னு யாரைச் சொல்றீங்க?

போன வாரம் ஒரு கல்லூரி விழா. சிறப்பு விருந்தினர் மாணவர்களைப் பார்த்து, "உங்களுக்கெல்லாம் மாசச் சம்பளம்தான் கனவு. தொழில் தொடங்கத் தைரியம் வேணும், அது பிறவியிலேயே இருக்கணும்" என்றார். பலத்த கைதட்டல். என்னால் தட்ட முடியவில்லை. வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை.

நான் திருப்பூர்க்காரன். என் பெரியப்பா பனியன் கம்பெனியில் டெய்லர், எட்டாவதோடு படிப்பை விட்டவர். பழைய ஓவர்லாக் மெஷின் ஒன்றைத் தவணைக்கு வாங்கி, வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டு, ஜாப் ஒர்க் எடுக்க ஆரம்பித்தார், அதாவது கம்பெனி தரும் துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பது. முதல் வேலை கொடுத்தது அவர் தைத்துக்கொண்டிருந்த அதே கம்பெனி முதலாளி. ஏன் துணிந்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். எங்கள் வீதியில் அவருக்கு முன்பே கொட்டகை போட்ட மூன்று பேரைச் சொன்னார். "அவனும் எங்கூட உக்காந்து தெச்சவன்தானே கண்ணு. அவனுக்கு ஆவறது எனக்கு ஆவாதா?"

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் எழுதியதும் இதைத்தான் தொடுகிறது. 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை, தானே செய்து பார்த்த அனுபவத்தில் வரும். நம்பிக்கையானவர்கள் சொல்லும் வார்த்தையிலும், அந்த நேரத்து உடல், மன நிலையிலும் வரும். தன்னைப் போன்ற ஒருவர் செய்து காட்டுவதைப் பார்த்தும் வரும். 'தன்னைப் போன்ற' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கோடீஸ்வரர் படத்தை வகுப்பறையில் மாட்டினால் பையனுக்கு வியப்பு வரும். பக்கத்து வீட்டு அண்ணன் கொட்டகை போட்டால்தான் கை பரபரக்கும்.

பிறவிக் குணம் என்ற வாதத்துக்கும் பழைய பதில் உண்டு. அமெரிக்க உளவியலாளர் டேவிட் மெக்லெலண்ட் குழுவினர் 1960களில் ஆந்திராவின் காக்கிநாடாவில் சிறு தொழில்காரர்களுக்குச் சாதிக்க வேண்டும் என்ற உந்துதலை வளர்க்கும் 'சாதனை ஊக்கப் பயிற்சி' கொடுத்தார்கள். பயிற்சி பெற்றவர்கள், பெறாதவர்களைவிடப் பின்னாளில் புதுத் தொழில்களில் கூடுதலாக இறங்கினார்கள். வளர்ந்த மனிதர்களிடமே அந்த உந்துதலை வளர்க்க முடிந்திருக்கிறது.

இனி என் அப்பா. அதே கம்பெனியில் செக்கிங். துணியைத் தொட்டே தரம் சொல்வார், பீஸ் ரேட் அத்தனையும் மனப்பாடம். பெரியப்பாவைவிடத் தொழில் தெரிந்தவர். கடைசிவரை கொட்டகை போடவில்லை. கல்யாணத்துக்கு இரண்டு தங்கைகள், படுத்த படுக்கையாய்ப் பாட்டி, பத்திரம் ஏற்கெனவே அடமானத்தில். பெரியப்பா விழுந்திருந்தால் தாங்க மாமனார் வீடு இருந்தது. அப்பா விழுந்தால் ஏழு பேர் விழுவோம்.

உளவியலாளர் ஐசெக் அய்சன் 1991இல் விளக்கிய கோட்பாட்டின்படி, ஒரு செயலில் இறங்கும் எண்ணம் மூன்றைப் பொறுத்தது: அந்தச் செயலைப் பற்றி நான் நினைப்பது, எனக்கு வேண்டியவர்கள் என்னிடம் எதிர்பார்ப்பது, அது என் கையில் இருக்கிறதா என்ற கணிப்பு. அப்பாவுக்கு ஆசை இருந்தது. மற்ற இரண்டும் இல்லை. அவரைக் கோழை என்று யாராவது சொன்னால் எனக்கு ரத்தம் கொதிக்கும்.

பெண்களுக்கு அந்த இரண்டாவது, வேண்டியவர்களின் எதிர்பார்ப்புதான் பெரிய பூட்டு. என் அத்தை மகள் ஆரி வேலையில் கெட்டிக்காரி. கடை வைக்கிறேன் என்றபோது, "கல்யாணம் ஆகட்டும்" என்றார்கள். ஆனது. "குழந்தை வளரட்டும்" என்றார்கள். இப்போது அவளே கடைப் பேச்சை எடுப்பதில்லை. அவளிடம் தைரியமா குறைந்தது? நான் உட்பட ஒருவரும் 'வை, நான் நிற்கிறேன்' என்று சொல்லவில்லை. அந்தக் குற்றவுணர்ச்சி எனக்கு உண்டு. இந்த ஞாயிறு அவள் வீட்டுக்குப் போகிறேன், முன்பணம் பற்றிப் பேச.

கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள். மேடைக்குப் பெரிய முதலாளிகள் மட்டும் வேண்டாம். இரண்டு வருஷம் முன்பு கொட்டகை போட்டவரைக் கூப்பிடுங்கள். போட்டு மூடியவரையும் கூப்பிட்டு, கடனை எப்படி அடைத்தார் என்று சொல்ல வையுங்கள். என் பெரியப்பாவுக்கு 72 வயது. இரண்டு முறை மூடித் திறந்தவர். கூப்பிட்டால் பஸ் ஏறி வந்துவிடுவார்.