காதலைச் சொல்ல இன்னும் எத்தனை காயின்?

அவன் கதவுக் கைப்பிடியில் கை வைக்கிறான். போனில் ஓடும் படக்கதையில் ஒரு கட்டம். அவள் கண் மட்டும். இன்னொரு கட்டம். கீழே தள்ளினால் ஒரு முழுத் திரைக்கு வெறும் வெள்ளை. மறுபடி அவன் கை. "நான்..." என்று ஆரம்பிக்கிறாள். அவ்வளவுதான், தொடரும்! அடுத்த எபிசோடுக்குக் காயின் (செயலியில் காசு கொடுத்து வாங்குவது) போட்டால் முதல் ஆறேழு கட்டம் போன வாரம் பார்த்த அதே கதவு, அதே கண், அதே "நான்...". சரி, இப்பவாவது சொன்னாளா? எங்கே? போன் அடிக்கிறது.

காதல் வெப்டூன், அதாவது போனில் கீழே தள்ளித் தள்ளிப் பார்க்கும் படக்கதை, படிக்கிற எல்லாருக்கும் இந்த வயிற்றெரிச்சல் தெரியும். கணக்குப் போட்டால் இன்னும் எரியும். வாராவாரம் வரும் எபிசோடில் சுமாராக 50 முதல் 70 கட்டம். மங்காவில், அதாவது ஜப்பானியப் படக்கதைப் புத்தகத்தில், ஒரு பக்கத்துக்கு ஐந்தாறு கட்டம். ஆக ஒரு எபிசோட் என்பது மங்காக் கணக்கில் பத்து, பன்னிரண்டு பக்கம்தான். அதிலும் முன்கதை நினைவூட்டல், பின்னணியே இல்லாமல் மிதக்கும் முகங்கள் எல்லாம் கழித்தால் எட்டுப் பக்கம் தேறாது.

அந்தப் பக்கம் ஜப்பானில், நகாயோஷி (1954), ரிபோன் (1955) மாதிரியான பெண் பிள்ளைகள் இதழ்களில் யோமிகிரி என்று ஒன்று உண்டு. ஒரே இதழில் ஆரம்பித்து அதிலேயே முடிகிற கதை. புதிதாக வரைய வருகிறவர்கள் பலருக்கும் முதல் வாய்ப்பே அதுதான். 30, 40 பக்கத்துக்குள் சந்திப்பு, சண்டை, தப்பாகப் புரிந்துகொள்வது, கடைசியில் மனசைத் திறப்பது, எல்லாம் முடிய வேண்டும். இடம் கம்மி என்பதால் ஒரு கட்டத்தைக்கூட வீணாக்க முடியாது. மங்கா வலமிருந்து இடமாகப் போவதால், விரித்த புத்தகத்தில் இடப்பக்கத்தின் கீழ் மூலைதான் தாளைத் திருப்புமுன் கண்ணில் படும் கடைசிக் கட்டம். அவள் வாய் திறப்பது அங்கே. தாளைத் திருப்பினால் ஒரு பக்கம் முழுக்க அவன் முகம். அந்தத் திகைப்புக்கு ஒரு நொடி போதும். அதையே வெப்டூனில் ஒரு வாரத்துக்கு ஜவ்வாக இழுக்கிறார்கள். கொஞ்சம் நீளமாக வேண்டுமா? 180 பக்கத்தில் ஒரே தொகுதியோடு முடிகிற காதல் கதைகள் இருக்கின்றன. ஒரு சாயங்காலத்துக்குப் போதும்.

இழுப்பதற்குக் காரணம் கதை இல்லை, கல்லாப்பெட்டி. கொரியாவில் 2003, 2004 வாக்கில் டாம் (Daum), நேவர் என்ற இணையத் தளங்கள் வெப்டூன் போட ஆரம்பித்தபோது படிக்கக் காசு கேட்கவில்லை. 2014ல் காக்காவோ பேஜ் என்ற கொரியச் செயலி 'காத்திருந்தால் இலவசம்' முறையைக் கொண்டுவந்தது. பொறுமை இருந்தால் காத்திரு, இல்லையென்றால் காசு கொடு. அப்புறம் இதே மாதிரி பல செயலிகளில் பரவிவிட்டது. எபிசோட் எபிசோடாக விற்றால் ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு தூண்டில் வேண்டுமே? காதலைச் சொல்லிவிட்டால் தூண்டில் போச்சு. அதனால்தான் சரியாக அந்த நேரம் பார்த்துப் பழைய காதலி வருகிறாள், விபத்து நடக்கிறது, ஞாபகம் போகிறது. நூற்றுக்கணக்கான அத்தியாயம் ஓடிய வெப் நாவலை வெப்டூனாக வரைந்தால் கேட்கவே வேண்டாம்.

வரைகிறவர்களைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. வாரத்துக்கு அறுபது கட்டம், அதுவும் முழு வண்ணத்தில்! விலைக்கு வாங்கிய முப்பரிமாண மாடலைப் பின்னணியாக ஒட்டாமல் முடியுமா? அதனால்தான் எந்தத் தொடரைத் திறந்தாலும் அதே காபிக் கடை, அதே மாளிகைப் படிக்கட்டு. உடம்பு தாங்காமல் சீசன் இடைவெளி விடுகிறார்கள், மாதக்கணக்கில். திரும்பி வரும்போது நாயகனின் தம்பி யார் என்பதே நமக்கு மறந்திருக்கும்.

நியாயமாகச் சொன்னால், நீளமாக ஓடும் மங்காத் தொடர்களும் பள்ளி விழா, கோடைத் திருவிழா, காதலர் தினம் என்று ஒரு வருஷத்தை ஓட்டத்தான் செய்கின்றன. செங்குத்து உருளலிலும் அழகு உண்டு: பனி விழுவதைக் கட்டை விரலால் கீழே கீழே தொடர்வது தாளில் வராது. ஆனால் பழைய மங்காவைக் கட்டம் கட்டமாக வெட்டி உருளலுக்கு மாற்றுகிறார்களே, அது கொடுமை. இரண்டு பக்கம் விரிந்த படம் போன் அகலத்துக்குச் சுருங்கி, பெரிய கட்டமும் சின்னக் கட்டமும் ஒரே அளவாகிவிடும்.

அதனால் இனிமேல் ஒரு தொடரைத் தொடும் முன், முதல் நாலு இலவச எபிசோடை நம்பாதீர்கள். 'முழுமை' என்று போட்டிருக்கிறதா, 'சீசன் முடிவு' என்று போட்டிருக்கிறதா பாருங்கள், இரண்டும் ஒன்றில்லை. மொத்த எபிசோடை ஒன்றின் காயின் விலையால் பெருக்குங்கள். திறந்தது நிரந்தரமா, மூன்று நாள் வாடகையா? மொத்தமாக விற்கும் காயின் கட்டு, எபிசோட் விலைக்குச் சரியாக வகுபடுகிறதா? பெரும்பாலும் ஒன்றிரண்டு மிஞ்சி, அடுத்த கட்டை வாங்க வைக்கும். முக்கியமாக, தினம் ஒன்று இலவசம் என்பது கடைசி எபிசோட் வரைக்கும் உண்டா என்று பாருங்கள். பல தொடர்களில் கடைசிச் சில எபிசோடுக்கு அது கிடையாது, காசு கொடுத்தே ஆகவேண்டும். மூன்று மாதம் பொறுமையாகத் தினம் ஒன்றாகப் படித்தவனுக்கும் அந்த முத்தம் காசுக்குத்தான். அவர்களின் கல்யாணம் பின்கதையில் வரும். அதற்குத் தனிக் காயின்.