லெவிட்டவுன் வீடு எல்லோருக்கும் கிடைக்கவில்லை

"1950களின் அமெரிக்காவில் ஒரே ஆள் சம்பளத்தில் எவரும் பெரிய வீடு வாங்க முடிந்தது" என்று பலர் சொல்வதுண்டு. பாதிதான் உண்மை. நியூயார்க் பக்கத்தில் லெவிட் என்ற கட்டுமான நிறுவனம் மொத்தமாகக் கட்டிய லெவிட்டவுன் குடியிருப்பில் 1949இல் வீட்டின் விலை 7,990 டாலர், இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பியவர்களுக்கு அரசு உத்தரவாதத்தோடு கடன், அதுவரை சரி. ஆனால் பெரிய வீடெல்லாம் கிடையாது. 1947இல் கட்டிய முதல் வீடுகள் சுமார் 750 சதுர அடி, இரண்டு படுக்கையறை, ஒரே குளியலறை.

அதைவிட, அந்த "எவரும்" என்ற சொல்தான் தப்பு. கறுப்பினத்தவருக்கு விற்க லெவிட் நிறுவனம் மறுத்தது, அதே போரில் சண்டையிட்டு வந்த சிப்பாயாக இருந்தாலும். கடனுக்குக் காப்பீடு தந்த கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகமும் இந்தப் பிரிவினைக்குத் துணை நின்றது. 1957இல் வில்லியம், டெய்சி மையர்ஸ் என்ற கறுப்பினத் தம்பதி அதே நிறுவனம் பென்சில்வேனியாவில் கட்டிய இன்னொரு லெவிட்டவுனில், ஏற்கெனவே அங்கிருந்த ஒருவரிடமிருந்து வீடு வாங்கி மூன்று சின்னக் குழந்தைகளோடு குடியேறினார்கள். கூட்டம் கூடிக் கல்லெறிந்தது, அப்புறம் வாரக்கணக்கில் தொல்லை. இனத்தைக் காட்டி வீடு மறுப்பதை நாடு முழுக்கத் தடைசெய்த நியாயமான வீட்டுவசதிச் சட்டம் 1968இல்தான் வந்தது.