முள் வழுக்கினால் மட்டும் அசல் ஆகிவிடாது

"நொடி முள் வழுக்கிக்கொண்டு போனால் அசல் ரோலெக்ஸ், டிக் டிக் என்று குதித்தால் போலி" என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். இதை நம்பிப் பழைய கைக்கடிகாரம் வாங்கப் போனால் இரண்டு பக்கமும் அடி விழும்.

முதலில், அந்த முள் வழுக்குவதே இல்லை. மணிக்கு 28,800 அதிர்வுகள் கொண்ட இயந்திரத்தில் அது நொடிக்கு 8 முறை குதிக்கிறது; நம் கண்தான் அதை ஓட்டமாகப் பார்க்கிறது. அதே வேகத்தில் ஓடும் மலிவான ஆட்டோமேட்டிக் (கை அசைவிலேயே சாவி ஏறும்) இயந்திரங்கள் போலிகளுக்குள்ளும் இருக்கின்றன. உண்மையாகவே குதிக்காமல் நகரும் முள்ளைப் பார்க்க ஆசையென்றால் ஜப்பானிய நிறுவனமான சீக்கோவின் ஸ்பிரிங் டிரைவ் கடிகாரத்தைப் பாருங்கள். அது தனி அழகு.

இன்னொன்று, நொடிக்கு ஒரு முறை மட்டும் குதிக்கும் கடிகாரங்களை ரோலெக்ஸே செய்திருக்கிறது. 1977இல் வந்த ஆய்ஸ்டர்குவார்ட்ஸ் பேட்டரியில் ஓடுவது. 1950களில் வந்த ட்ரூ-பீட் என்ற மாதிரியோ முழுக்க இயந்திரக் கடிகாரம். முள் ஒவ்வொரு நொடியிலும் நின்று குதிப்பதற்கென்றே கூடுதல் பாகங்களைச் சேர்த்தார்கள். சேகரிப்பாளர்கள் தேடி அலையும் அதைப் போய்ப் போலி என்று ஒதுக்குவதா?

பின்மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் இயந்திரத்தை விவரம் தெரிந்தவரிடம் காட்டிவிட்டுப் பணத்தை எடுங்கள்.