புது சைட் அழகுதான், பழைய லிங்க் எல்லாம் எங்கே?

நேற்றிலிருந்து எல்லோரும் பகிர்ந்து கொண்டாடுகிற அந்தப் புது வெப்சைட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன். பல வருடமாக இருந்த ஒரு தளத்தின் டிசைனை மாற்றியிருக்கிறார்கள், ஆனால் பழைய பக்கங்களின் முகவரிகள் இப்போது திறப்பதில்லை. பழைய பக்கங்கள் எங்கே போயின என்று கேட்டதற்குப் "பொறாமை" என்று பதில் வந்தது. வலித்தது. அதனால் இங்கே விளக்கமாகவே சொல்கிறேன்.

ஒரு தளம் மனதில் நிற்கிறது என்றால், வந்தவர் மறுபடி வருகிறார் என்று அர்த்தம். முகப்பில் ஓடும் வீடியோவைப் பார்த்து வியந்தவர் எத்தனை பேர் என்பது வேறு கணக்கு. போன வருடம் புக்மார்க் செய்து வைத்த கட்டுரையை ஒருவர் இன்று திறந்தால் 404, அதாவது "பக்கம் இல்லை" என்ற பிழை வருகிறது. அவர் இன்னொரு முறை வருவாரா? நல்ல முகவரியை மாற்றக் கூடாது என்று வெப்பை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998லேயே எழுதிவிட்டார்.

இதைத் தவிர்ப்பது கடினமும் இல்லை. டிசைனை மாற்றும் முன் சைட்மேப்பிலிருந்தும் (தளத்தின் பக்கப் பட்டியல்) சர்வர் லாகிலிருந்தும் (யார் எந்தப் பக்கம் கேட்டார் என்ற பதிவு) பழைய முகவரிகளை எல்லாம் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் நேரான புதுப் பக்கத்தை எதிரே எழுதி, 301 ரீடைரக்ட் போட வேண்டும், அதாவது பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பிவிட வேண்டும். 302 போடாதீர்கள், அது தற்காலிக மாற்றத்துக்கானது. எல்லாவற்றையும் மொத்தமாக முகப்புக்குத் திருப்பிவிடுவதும் தப்பு. கட்டுரை தேடி வந்தவருக்கு முகப்பு எதற்கு? கூகுளும் அதைப் பெரும்பாலும் இல்லாத பக்கமாகவே எடுத்துக்கொள்ளும். டொமைனே மாறினால் பழையதைத் தொடர்ந்து புதுப்பியுங்கள். விட்டால் வேறு யாராவது வாங்கிக்கொள்வார்கள்.

"இப்போது யார் புக்மார்க் செய்கிறார்கள், எல்லோரும் தேடித்தானே வருகிறார்கள்" என்பார்கள். தேடி வருபவருக்கும் இதே கதிதான். தேடலில் உங்களை மேலே கொண்டுவர உதவும், மற்ற தளங்கள் கொடுத்த லிங்க் எல்லாம் அந்தப் பழைய முகவரிக்குத்தான் வருகின்றன. "கஸ்டமர் கேட்டதைச் செய்தோம்" என்று டிசைன் செய்தவர்கள் சொல்வதை நான் ஏற்கவே மாட்டேன். கஸ்டமருக்கு 301 தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

அந்தப் புது சைட்டின் பிரவுசர் டேபைப் பாருங்கள். எல்லாப் பக்கத்துக்கும் டைட்டில் "முகப்பு". பத்து டேப் திறந்து வைத்திருப்பவர் எதை வைத்து உங்களைக் கண்டுபிடிப்பார்? பெயர் முழுவதும் உள்ள லோகோவை அப்படியே சுருக்கி ஃபேவிகான், அதாவது டேபில் தெரியும் குட்டிப் படம் ஆக்கியிருக்கிறார்கள். 16 பிக்சலில் அது வெறும் கறை. ஓர் எழுத்து, அழுத்தமான ஒரு நிறம், போதும்.

எழுத்தின் நிறம்? வெள்ளைப் பின்னணியில் 999999 என்ற நிறக் குறியீட்டுச் சாம்பல். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள கான்ட்ராஸ்ட் 2.85தான் வரும். சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும், சற்று அடர்ந்த 767676 சாம்பல் வைத்தாலே கிடைத்துவிடும். வெயிலில் போனை வைத்துக்கொண்டு கண்ணைச் சுருக்கிப் படிக்கிறவரை யாருமே நினைக்கவில்லையா? முகப்பின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். இங்கே வீடியோ வந்து முடியும்வரை வெறும் வெள்ளைத் திரை. படங்களுக்கு அகலம், உயரம் குறிப்பிடாததால் படிக்கும் வரி திடீரென்று கீழே குதிக்கிறது.

இதையெல்லாம் சொன்னால் பழைய ஆள் என்கிறார்கள். சொல்லட்டும். அந்தத் தளத்தில் பல வருட உழைப்பு இருக்கிறது. எழுதியவர்களும் இருக்கிறார்கள், படித்தவர்களும் இருக்கிறார்கள்.

அந்த டீமில் யாராவது இதைப் படித்தால்: சர்வர் லாகை அழித்துவிடாதீர்கள். 404 வந்த முகவரிகளை எண்ணிக்கை வாரியாக வரிசைப்படுத்தி, மேலே இருக்கும் நூறுக்கு மட்டும் இன்றே ரீடைரக்ட் எழுதுங்கள். மீதியை அடுத்த வாரம் பார்க்கலாம்.