விஷமுறிவு ஊசியும் வெளியிலிருந்துதான்

மருத்துவ ஆராய்ச்சிக்கு அரச காசு எதற்கு, ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்கினால் போதும் என்கிறது ஒரு கட்டுரை. சரி, எந்த மருந்து? நிலத்தில் பாய் போட்டுப் படுத்தவரைக் கட்டுவிரியன் தீண்டினால் பல்லுத்தடம்கூடத் தெரியாமல் போகலாம், விடிய கண்ணிமை தூக்க ஏலாது, நஞ்சு நரம்பு முனையைச் சிதைத்த பிறகு விஷமுறிவு ஊசி பெரிதாக உதவாது, வென்டிலேட்டர்தான். இலங்கையில் போடும் அந்த ஊசியும் இங்குள்ள பாம்புகளின் நஞ்சை வைத்தல்ல, இந்தியப் பாம்புகளின் நஞ்சை வைத்துச் செய்தது. ஆராய்ச்சி என்ன தரும் என்றால், 1963இல் தாய்வானில் ஒரு கட்டுவிரியன் இனத்தின் நஞ்சிலிருந்து ஒரு நச்சுப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள், அப்போது யாருக்கும் பிரயோசனம் தெரிந்திருக்காது, பிறகு அதுதான் தசைக்களைப்பு நோயைப் புரிந்துகொள்ள உதவியது. யாழ்ப்பாணத்தில் 1978 முதல் மருத்துவ பீடம் இருக்கிறது, படித்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். வயலில் நிற்பவரைக் கடிக்கும் பாம்புக்கு எந்தக் கம்பனி முதல் போடும்? அரசுதான் தொடர்ந்து போடவேணும், ஒரு வருடம் தந்து மறுவருடம் வெட்டாமல்.